நின்று பார்த்த நாளில் வந்த திமிங்கலம்: சீ கிளிஃப் பாலத்துக்கு இரண்டு முறை

சிட்னியில் இருக்கும் நம்மவர்களுக்கு, நகரத்துக்குத் தெற்கே உள்ள ஹெலன்ஸ்பர்க் பெருமாள் கோயிலைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காலையில் பெருமாளைச் சேவித்துவிட்டு, கேன்டீனில் தோசையோ புளியோதரையோ சாப்பிட்டுவிட்டு, அப்படியே பால்ட் ஹில் மலையுச்சியில் கடலைப் பார்த்து, கடலோரமாக வளைந்து போகும் சீ கிளிஃப் பாலத்தில் நாலு படம் எடுத்துக்கொண்டு வீடு திரும்புவது பல வீடுகளில் வழக்கம். நாங்களும் பத்து வருடமாக அதையேதான் செய்துகொண்டிருந்தோம். அந்தப் பாலத்துக்கு எதிரே உள்ள கடலில் ஒவ்வொரு வருடமும் ஆயிரக்கணக்கான திமிங்கலங்கள் போய் வருகின்றன என்று தெரியும். ஆனால் பாலத்திலிருந்து ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. அப்பா ஊரிலிருந்து வந்த வருடம்தான் பார்த்தோம். அதுவும் இரண்டாவது முறை போனபோதுதான்.

அப்பாவுக்குப் பரமக்குடி. நெடுஞ்சாலைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வேலைக் காலத்தில் ராமேஸ்வரம் பக்கம் அடிக்கடி போனவர் என்பதால் பாலம் என்றாலே அவருக்குப் பாம்பன்தான். சின்ன வயதில் எங்களை அங்கே கூட்டிப் போனால், சாலைப் பாலத்தின் நடுவில் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, கீழே ரயில் வருகிறதா என்று எல்லோருமாக எட்டிப் பார்ப்போம். இங்கே முதல் முறை போனபோதும் பாலத்தின் மேல் ஏறியதும், “கொஞ்சம் நிப்பாட்டுங்க மாப்ள” என்றார். இந்தப் பாலத்தில் வண்டியை நிறுத்த முடியாது. போக ஒரு தடம், வர ஒரு தடம், கடல் பக்கம் நடப்பவர்களுக்குத் தனிப் பாதை. நிறுத்த வேண்டுமென்றால் முனைக்குப் போய்த்தான் ஆக வேண்டும்.

அந்த முதல் பயணத்தைச் சொல்கிறேன். ஜூலை மாதம், இங்கே குளிர்காலம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோயில், கேன்டீன், பால்ட் ஹில், பாலம், அங்கிருந்து இன்னும் ஒரு மணி நேரம் தெற்கே ஓட்டி கியாமாவில் பாறைத் துளை வழியாகக் கடல் பீய்ச்சுவதையும் பார்த்துவிடலாம் என்பது திட்டம். கிளம்பும்போதே ஒன்பதரை. கோயிலில் கூட்டம், கேன்டீனில் வரிசை. பால்ட் ஹில்லில் பையன் கிளைடரில் பறப்பவர்களை விட்டு நகர மாட்டேன் என்று நின்றுவிட்டான். பாலத்துக்கு வந்து சேர்ந்தபோது மணி மூன்று ஆகப் போகிறது. முனையில் இருக்கும் கொஞ்ச இடத்தில் ஒரு வண்டிக்கும் இடமில்லை. என் கணவர் எங்களை இறக்கிவிட்டு கிளிஃப்டன் பக்கம் போய்த் தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வந்தார்.

பாலத்தின் மேற்கே செங்குத்தான மலை. குளிர்காலத்தில் மூன்று மணிக்கெல்லாம் சூரியன் அதன் பின்னால் போய்விடும். கடலில் வெயில் இருக்கும், பாலம் மட்டும் நிழலில் கிடக்கும். அன்றைக்குத் தெற்குக் காற்று வேறு. அப்பா ஸ்வெட்டருக்கு மேல் என் கணவரின் ஜாக்கெட்டையும் போட்டுக்கொண்டு, குரங்குக் குல்லாயை இழுத்துவிட்டு நின்றார். கடல் முழுக்க வெள்ளை நுரை. ஒவ்வொரு நுரைக்கும் பையன் “திமிங்கலம்! திமிங்கலம்!” என்று கத்தினான். கால் மணி நேரம் நின்றிருப்போம். கியாமாவுக்கு நேரமாகிவிட்டது என்று நான்தான் எல்லோரையும் விரட்டினேன்.

திரும்பி நடக்கும்போது கம்பியில் சாய்ந்து பைனாகுலரோடு நின்றிருந்த ஒரு வெள்ளைக்கார அம்மாளிடம் சும்மா கேட்டேன். ஒரு மணி நேரத்தில் மூன்று போனதாகச் சொன்னார். நாங்கள் நின்ற நேரத்தில் ஏதாவது வந்ததா என்றேன். ஒன்று வந்ததாம். “நீங்கள் திமிங்கலத்தைத் தேடினீர்கள், அதன் மூச்சைத் தேடியிருக்க வேண்டும்” என்றார். அவர் மதியத்திலிருந்தே அங்கே நிற்கிறார்.

எனக்கு அன்றைக்கு மனசு சரியில்லை. கியாமாவிலும் ஒன்றும் பெரிதாகப் பீய்ச்சவில்லை. அலை சரியான திசையிலிருந்து, போதுமான வேகத்தோடு வந்தால்தான் அந்தத் துளை வேலை செய்யும். எழுபத்திரண்டு வயது மனிதரை நாள் முழுக்கக் காரில் ஏற்றி இறக்கியிருக்கிறேன், ஒன்றையும் முழுசாகப் பார்க்க விடவில்லை என்று இரவெல்லாம் உறுத்தியது.

அப்பாவுக்கு அந்த வருத்தம் இல்லை. அவர் பாலத்தைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். மறுநாள் காலை காபியோடு உட்கார்ந்து, “ஏம்மா, அந்தப் பாலம் ஏன் கடலுக்குள்ள தள்ளி நிக்குது தெரியுமா?” என்று ஆரம்பித்தார். பிறகு இருவருமாகத் தேடிப் படித்தோம். பழைய லாரன்ஸ் ஹார்க்ரேவ் சாலை மலையடிவாரத்தை ஒட்டியே போனது. மேலே மணற்பாறை, நடுவில் இளகிய களிப்பாறை, நிலக்கரி அடுக்குகள். கீழே இருக்கும் மென்மையான அடுக்கு கரையக் கரைய மேலே இருக்கும் பாறை பிடிமானம் இல்லாமல் விழும். சாலையில் கல் உருள்வது ஓயவில்லை. 2003 ஆகஸ்டில் சாலையை மூடியே விட்டார்கள். இரண்டு பக்கத்து ஊர்க்காரர்களும் சுற்றிக்கொண்டு போக வேண்டிய நிலை. கடைசியில் மலையோடு மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டு, சாலையையே கடல் பக்கம் நகர்த்திப் பாலமாக்கினார்கள். 665 மீட்டர் நீளம், 5 கோடியே 20 லட்சம் டாலர் செலவு, 2005 டிசம்பரில் திறப்பு. பெயர் வைத்தது போட்டியில் ஜெயித்த ஒரு பள்ளிச் சிறுமி.

பார்க்க ஒன்று போலத் தெரிந்தாலும் அது இரண்டு பாலங்கள். ஒரு பகுதியைக் கரையில் துண்டு துண்டாக வார்த்து, ஜாக்கி வைத்து மெல்லத் தள்ளித் தூண்களின் மேல் நகர்த்தியிருக்கிறார்கள். இன்னொரு பகுதியில் ஒவ்வொரு தூணின் உச்சியிலிருந்தும் இரண்டு பக்கமும் சமமாகத் துண்டுகளைச் சேர்த்துக்கொண்டே போயிருக்கிறார்கள். “காவடி தூக்குற மாதிரிம்மா. இந்தப் பக்கம் ஒண்ணு ஏத்துனா அந்தப் பக்கமும் ஒண்ணு ஏத்தணும். இல்லைன்னா சாயும்” என்று அப்பா கையை விரித்துக் காட்டினார். அதற்குப் பிறகு அந்தப் பாலத்தை நான் வேறு கண்ணோடுதான் பார்க்கிறேன். பாலத்தில் நடக்கும்போது மலைப் பக்கம் திரும்பினால் கைவிடப்பட்ட பழைய சாலையின் மிச்சம் இன்னும் தெரிகிறது. படம் எடுக்கும் அவசரத்தில் பலரும் அதைக் கவனிப்பதே இல்லை.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். பாலம் முழுக்க வளைந்து தெரியும்படி மேலிருந்து எடுத்த படங்கள் நிறைய உலவுகின்றன. அதற்காக இளைஞர்கள் மலைச் சரிவில் ஏறுகிறார்கள். நம் பிள்ளைகளும் ஏறுகிறார்கள். அங்கே முறையான பாதை கிடையாது. இடிந்து விழுகிறது என்று சாலையையே மூட வைத்த அதே மலை அது. தயவுசெய்து ஏற வேண்டாம்.

செப்டம்பர் கடைசியில் பள்ளி விடுமுறை வந்தது. அப்பா ஊர் திரும்ப இரண்டே வாரம். இந்த முறை ஒரே முடிவு: பாலம் மட்டும்தான், வேறெங்கும் போவதில்லை. “பெருமாளைத் திரும்பி வர்றப்போ பாத்துக்கலாம், அவர் எங்க போகப் போறார்” என்று அப்பாவே சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிட்டு ஒரு செவ்வாய்க்கிழமை விடுப்பு எடுத்தேன். வானிலை அறிக்கையில் மழையைவிடக் காற்றைத்தான் பார்த்தேன். காற்றின் வேகம் பத்து நாட் (knot), அதாவது மணிக்குப் பதினெட்டு கிலோமீட்டருக்குள் இருந்தால் கடல் ஓரளவு அமைதியாக இருக்கும். அதற்கு மேல் போகப் போக எங்கும் நுரைதான், அந்த நுரைக்குள் திமிங்கலத்தின் மூச்சைப் பிரித்துப் பார்க்கப் பழகிய கண் வேண்டும். நண்பர் ஒருவரிடம் எட்டு மடங்கு பெரிதாக்கும் பைனாகுலரை இரவல் வாங்கினேன். பன்னிரண்டு மடங்கு, பதினாறு மடங்கு என்று பெரிதாக வாங்கிவிடாதீர்கள். கையில் பிடித்தால் படம் நடுங்கும், பார்க்கும் பரப்பும் சுருங்கிவிடும். வயதானவர்களுக்கு எட்டே சரி.

காலை எட்டு மணிக்குக் கிளம்பிவிட்டோம். முதலில் ஸ்டான்வெல் பார்க் கடற்கரை. அங்கே கழிப்பறை இருக்கிறது, பாலத்தில் இல்லை. பெரியவர்களோடும் பிள்ளைகளோடும் போகிறவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. பிறகு பால்ட் ஹில்லில் அரை மணி நேரம். மலையுச்சி என்பதால் கடல் விரிந்து தெரியும், கண்ணைப் பழக்க நல்ல இடம். சாலைக்குப் பெயர் தந்த, பறக்கும் ஆராய்ச்சியில் முன்னோடியான லாரன்ஸ் ஹார்க்ரேவுக்கு அங்கே நினைவுச் சின்னம் இருக்கிறது. 1894 நவம்பரில் கீழே இருக்கும் இதே கடற்கரையில் நான்கு பெட்டிப் பட்டங்களைக் கட்டித் தன்னையே பதினாறு அடி உயரத்துக்குத் தூக்கிக் காட்டியவர். பழைய இருபது டாலர் நோட்டில் அவர் படம் இருந்தது. பையனுக்கு அந்தக் கதை ரொம்பப் பிடித்துப்போய், பட்டத்தில் தாத்தாவைத் தூக்க முடியுமா என்று கேட்டுக்கொண்டே வந்தான்.

பாலத்துக்கு வந்தபோது பத்தரை. வண்டி நிறுத்த இடம் உடனே கிடைத்தது. பாதை அகலமானது, படிக்கட்டு இல்லை, அப்பா நிதானமாக நடந்தார். பாலம் வளையும் இடத்தில், போகிற வருகிறவர்களுக்கு வழி விட்டுக் கம்பியோரமாக நின்றோம்.

கிழக்கு பார்த்த கரை என்பதால் காலையில் சூரியன் நேரே முகத்தில் அடிக்கும், தண்ணீர் தகதகவென்று கண்ணைக் கூசும். பத்து, பத்தரைக்கு மேல் சூரியன் உயர்ந்த பிறகு தண்ணீரின் நிறம் தெளிவாகத் தெரிய ஆரம்பிக்கும். மதியத்துக்கு மேல் அநேகமாகக் காற்று எழும்பும். அதனால் பத்தரையிலிருந்து ஒன்றரை வரை நல்ல நேரம் என்பது என் அனுபவம். கண்ணாடி போட்டுக்கொள்வதானால் போலராய்டு கண்ணாடி போடுங்கள், கூச்சம் பாதியாகக் குறையும்.

தூரத்தில் இரண்டு சரக்குக் கப்பல்கள் நங்கூரம் பாய்ச்சி நின்றிருந்தன. போர்ட் கெம்ப்லா துறைமுகத்துக்குள் போகக் காத்திருப்பவை. ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு. கடலில் “அங்கே பார்” என்றால் எங்கே என்று யாருக்கும் தெரியாது. சிவப்புக் கப்பலுக்கு இடது பக்கம், கறுப்புக் கப்பலுக்கும் கரைக்கும் நடுவில் என்று அடையாளம் சொல்லிக்கொள்ளலாம் என்று அந்த இரண்டையும் வைத்துக் கடலை மூன்றாகப் பிரித்துக்கொண்டோம். பையனுக்கு ஒரு பங்கு, எனக்கு ஒரு பங்கு, தாத்தாவுக்கு ஒரு பங்கு. பைனாகுலரைக் கழுத்தில் தொங்கவிட்டுவிட்டு வெறும் கண்ணால் மெதுவாகத் துழாவ வேண்டும். ஏதாவது தெரிந்த பிறகுதான் பைனாகுலர். இதைத் தலைகீழாகச் செய்ததால்தான் முன்பு பலமுறை ஏமாந்திருக்கிறேன்.

நாற்பது நிமிடம் ஒன்றுமில்லை. கானட் பறவைகள் உயரத்திலிருந்து அம்பு மாதிரிக் கடலுக்குள் குத்தி மீன் பிடித்தன. பையன் இரண்டு முறை தண்ணீர் குடித்தான், ஒரு முறை போகலாமா என்றான். அப்பா மட்டும் அசையவே இல்லை. இந்த நிற்பில் அவருக்குப் பழக்கம் உண்டு. கான்கிரீட் போடும் நாளில் விடியற்காலையிலிருந்து இப்படித்தான் நிற்பாராம்.

திடீரென்று, மெதுவான குரலில், “அங்க என்னம்மா, புகை மாதிரி?” என்றார்.

“எங்கப்பா?”

“செவப்புக் கப்பலுக்கு இந்தாண்ட. கரைப் பக்கம்.”

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பத்து விநாடி கழித்து அதே இடத்தில் நானும் பார்த்தேன். அடுப்பில் குக்கர் விசில் விடும்போது எழும்பும் ஆவி போல, ஒரு வெண்மையான தூறல் நேரே மேலே போய், காற்றில் இடது பக்கம் சாய்ந்து கரைந்தது. அதை ஒட்டியே சின்னதாக இன்னொன்று. அவ்வளவு சின்னது, முதலில் கண்ணின் கோளாறு என்று நினைத்தேன். தாயும் கன்றும்.

மே கடைசியிலிருந்து ஜூலை, ஆகஸ்ட் வரை அன்டார்டிகா பக்கமிருந்து வடக்கே போகும் கூனல் முதுகுத் திமிங்கலங்கள் குவீன்ஸ்லாந்தின் வெதுவெதுப்பான கடலில் ஈன்றுவிட்டு, செப்டம்பர் முதல் நவம்பர் வரை திரும்புகின்றன. போக ஐயாயிரம், வர ஐயாயிரம் கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜூலையில் பார்த்தால் எண்ணிக்கை அதிகம், எல்லாம் விறுவிறுவென்று போகும். வசந்தத்தில் கன்றோடு வரும் தாய்கள் அவசரப்படுவதில்லை. அடிக்கடி ஓய்வெடுக்கும், பல நேரம் கரையை ஒட்டியே வரும். ஒன்றையே நெடுநேரம் பார்க்க வேண்டுமானால் செப்டம்பர் கடைசி, அக்டோபர்தான். இதை அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இரண்டும் முங்கிவிட்டன. முங்கிய இடத்தில் மட்டும் எண்ணெய் ஊற்றியது போல வழுவழுப்பான ஒரு வட்டம் கொஞ்ச நேரம் தெரிந்தது. வால் அடித்துக் கிளம்பிய தண்ணீர் மேலே வந்து பரவுவதால் உண்டாகும் தடம் அது.

அது முங்கிய இடத்தையே பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. போகும் திசையில், இங்கே வலது பக்கம் தெற்காக, கொஞ்சம் முன்னே பார்க்க வேண்டும். ஆறேழு நிமிடத்தில் கன்று முதலில் எழுந்தது. எழுந்தது என்றால், முழு உடம்பும் தண்ணீருக்கு வெளியே. பிறக்கும்போதே நான்கு மீட்டருக்கு மேல் இருக்கும் குட்டி அது. வெள்ளை வயிறு வெயிலில் பளிச்சிட, பக்கவாட்டில் திரும்பி, தொப்பென்று விழுந்தது. சத்தமே வரவில்லை. அத்தனை தூரம். எங்கள் காதில் பாலத்துக்கு அடியில் அலை பாறையில் அறைவது மட்டும்தான் கேட்டது. மறுபடி குதித்தது. மறுபடியும். பையன் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக எண்ணினான். பதினொன்று. தாய் ஒரு முறை நீளமான பக்கத் துடுப்பைக் கத்தி மாதிரி மேலே நிமிர்த்தி, கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்து, தண்ணீரில் அடித்தது. கூனல் முதுகின் துடுப்பு உடம்பு நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை இருக்கும்.

அப்பாவிடம் பைனாகுலரைக் கொடுத்தேன். அவர் வாங்கி இரண்டு விநாடி பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். வெறும் கண்ணே போதும் என்றார். தாய் இந்தப் பயணம் முழுக்க அநேகமாக எதுவும் சாப்பிடாது, தெற்கே குளிர்க்கடலில் கூனிப்பொடி மாதிரியான கிரில்லைத் தின்று சேர்த்த கொழுப்பில்தான் பால் கொடுக்கிறது என்று நான் படித்ததைச் சொன்னேன். “பட்டினி கெடந்து பால் குடுத்து, இவ்வளவு தூரம் கூட்டிட்டும் போகுதா” என்றவர், கொஞ்ச நேரம் பேசவில்லை. அம்மா போய் அப்போது மூன்று வருடம்.

ஒரு காலத்தில் இதே கரையில் இவற்றைக் கொன்று எண்ணெய் எடுத்தார்கள். 1963இல் தடை வந்தபோது கிழக்குக் கரைக்கு வரும் கூட்டத்தில் சில நூறுதான் மிச்சம். இன்றைக்கு முப்பதாயிரத்துக்கும் மேல். அழிவின் விளிம்புக்குப் போனவை தம் வழியைத் தாமே திரும்பப் பிடித்துக்கொண்டன. நாம் செய்தது கொல்வதை நிறுத்தியது மட்டும்தான். 2022இல் ஆஸ்திரேலியா இவற்றை அச்சுறுத்தலில் உள்ள இனங்களின் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது.

படகில் போனால் கிட்டத்தில் பார்க்கலாமே என்று கேட்பார்கள். அதற்கு இரண்டு வருடம் முன்பு சிட்னியிலிருந்து படகிலும் போயிருக்கிறோம். கிட்டத்தில் பார்த்தது உண்மை. படகு நூறு மீட்டருக்குள் நெருங்கக் கூடாது, கன்று இருந்தால் முந்நூறு மீட்டர், ஆனால் திமிங்கலமே ஆர்வமாகப் பக்கத்தில் வந்துவிடுவதும் உண்டு. ஆனால் துறைமுக வாயைத் தாண்டியதும் என் கணவரும் பையனும் வாந்தி எடுத்துச் சுருண்டுவிட்டார்கள். மாத்திரையைக் கிளம்புவதற்கு முன்பே போட்டிருக்க வேண்டும், தலை சுற்ற ஆரம்பித்த பிறகு போட்டுப் பிரயோஜனமில்லை. வயதானவர்களுக்குக் கரைதான் நல்லது என்பேன். டிரோன் வைத்திருப்பவர்களுக்கும் சட்டம் உண்டு, நூறு மீட்டர் தள்ளியே இருக்க வேண்டும்.

கார் இல்லாதவர்கள் தெற்குக் கரை ரயிலில் கோல்கிளிஃப் நிலையத்திலோ ஸ்கார்பரோவிலோ இறங்கி நடக்கலாம். எல்லா ரயிலும் இந்தச் சின்ன நிலையங்களில் நிற்காது, திரும்பும் ரயிலின் நேரத்தைக் கிளம்பும் முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். வசந்தத்திலும் ஒரு ஜாக்கெட் கையில் இருக்கட்டும், நடக்கும்போது தெரியாத குளிர் ஒரே இடத்தில் நிற்கும்போது எலும்பில் ஏறும். செல்போனில் படம் எடுக்க முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம். என்னிடம் நாற்பது படம் இருக்கிறது, எல்லாவற்றிலும் கடல்தான் இருக்கிறது.

மூன்று மணி நேரம் நின்றோம். மொத்தம் நான்கு ஜோடி. புளியோதரையைக் காரில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, திரும்பும் வழியில் கோயிலுக்கும் போனோம்.

போன வாரம் அப்பா பரமக்குடியிலிருந்து போனில், “ஜூன் வந்துருச்சே, பாலத்துக்குப் போனீங்களா?” என்று கேட்டார். இன்னும் போகவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமைக்கு விடுப்பு எழுதிக் கொடுத்திருக்கிறேன். காற்று எப்படி என்று பார்க்க வேண்டும்.